உங்களுக்குத் தெரியுமா? புதுக்கோட்டைக்கு 36 பைட்!

‘புதுக்கோட்டை’ என்று எழுதுங்கள் பார்ப்போம். நமக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டருக்கோ 12 குறியீடு, 36 பைட்! இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்டோடு சரி!

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கல்லில் இருக்கும் தமிழ் பிராமி எழுத்து, போனுக்குள்ளும் வந்துவிட்டது! பழந்தமிழுக்கென்றே 2021-ல், உலக எழுத்துகளுக்கான கம்ப்யூட்டர் குறியீட்டுப் பட்டியலான யூனிகோடில் சேர்த்த குறியீடுகள் 6! ஒவ்வொன்றுக்கும் 4 பைட்!

ஏஐ நம்மைப் போல எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. ‘டோக்கன்’ என்று துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கும்! ஏஐயை வாங்கி ஆப் செய்கிற கம்பெனிகளுக்கு பில்லும் துண்டுக் கணக்கில்தான். ஒரே சேதிக்கு ஒரு மொழியில் ஆகும் துண்டைவிட இன்னொரு மொழியில் 15 மடங்கு வரை ஆகலாம் என்கிறது 2023-ல் வந்த ஓர் ஆய்வு! 15 மடங்கு!

அடுத்ததைக் கேளுங்கள். 2024 மே மாதம் சாட்ஜிபிடி கம்பெனியான ஓப்பன்ஏஐ தன் புது மாடலைக் காட்ட ஒரு மாதிரிப் பத்தியை வெளியிட்டது. பழைய முறையில் தமிழுக்கு 116 துண்டு. புது முறையில் வெறும் 35! இந்திக்கு 31, தெலுங்குக்கு 45. (தெலுங்கை முந்திவிட்டோம், காலரைத் தூக்கிவிடலாம்!) ஆங்கிலம்? அது எப்போதும் செல்லப்பிள்ளை. 24-தான்!

2020-ல் வந்த ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-3 மாடல் படித்த சொற்களில் 100-க்கு 92-க்கும் மேல் ஆங்கிலம்! உலகத்தின் மற்ற எல்லா மொழியும் சேர்ந்தே 8-ஐத் தொடவில்லை!

மெட்டாவின் ‘லாமா 2’ மாடலுக்குத் தமிழ் சரியாக வரவில்லை. விடுவோமா? 2023-ல் அதற்குள் 16,000 தமிழ்த் துண்டுகளைத் திணித்து ‘தமிழ்-லாமா’ தயார்!

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கிறது ஞானாலயா. பா.கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி தேடித் தேடிச் சேர்த்த நூலகம். உள்ளே ஒரு லட்சத்துக்கும் அதிகமான நூல்கள், பல முதல் பதிப்புகள்! ஸ்கேன் ஆகாத புத்தகத்தை எந்தக் கொம்பு முளைத்த ஏஐயாலும் படிக்க முடியாது. நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கலாம்!

1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்ட வந்தது அறிவொளி இயக்கம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். ஒரே வாரத்தில் ஊரறிய ஓட்டிக் காட்டியவர்கள் 70,000-க்கும் மேல்! இன்று மத்திய அரசின் மொழிபெயர்ப்பு ஏஐயான ‘பாஷிணி’யிடம் எழுத்தே வேண்டாம், வாயால் சொன்னால் போதும்!

2023 டிசம்பர் 17. வாரணாசியில் காசி தமிழ்ச் சங்கமம். பிரதமர் மோடி இந்தியில் பேசப் பேச, வந்திருந்த தமிழர்கள் காதில் தமிழ்! மொழிபெயர்த்தது மனிதர் இல்லை, அதே பாஷிணி!

ஏஐ நம்மிடம் பேச்சுக் கற்றது பழைய கதை. சாட்ஜிபிடி அடிக்கடி எழுதும் ‘டெல்வ்’ போன்ற ஆங்கிலச் சொற்கள் இப்போது மனிதர் வாய்ப்பேச்சிலும் கூடிவிட்டன என்கிறார்கள் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள். யார் வாத்தியார், யார் மாணவர்?!

கலைஞர் கருணாநிதி மறைந்தது 2018-ல். 2024 ஜனவரியில், தி.மு.க.வின் டி.ஆர்.பாலு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி 8 நிமிடம் பேசினார், ஏஐ தயவில்! அதுவும் ஆறே மாதத்தில் 3-வது முறை!