முதிய எலும்பு கூடும் விதம்

கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு ஆன்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இம்மலேசிய நாட்டில் முதன்முதலாக வாணிபத்துக்கென்று செம்பனையைப் பயிரிட்டதற்கும் முன்னரே, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று பால்மரக் காடுகளில் தோளில் காண்டா வாளி சுமந்த காலந்தொட்டு, ஈஜோக்கிலிருந்து சபாக் பெர்ணம் வரையில் நம்மவர்க்குச் சரீரமே மூலதனமாக இருந்து வந்திருக்கிறது. அங்கே உழைத்து ஓய்ந்த தாய்மார் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களுள் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "வயசாயிருச்சு, இனிமே எலும்பு எங்க கூடப் போகுது, பாட்டி படுத்தே இருக்கட்டும்" என்று வீட்டார் அன்போடுதான் சொல்கிறார்கள். அவ்வார்த்தையில் உண்மை கொஞ்சம் உண்டு. பிராணாபாயம் அதைவிட அதிகம் உண்டு.

எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு புதிய நாளங்களும், எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையினின்று இளம் உயிரணுக்களும் வந்து சேர, முதலில் நார்த்திசுவும், பின்னர் குருத்தெலும்பும், காலக்கிரமத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிய எலும்பும் முறிவைச் சுற்றித் தடித்து வளர்கின்றன. இந்தத் தடிப்பை மருத்துவர்கள் காலஸ் என்பர். அது எவ்வாறு வளரும் என்பதை நிர்ணயிப்பதில் அசைவின் அளவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்விட்ஸர்லாந்தின் ஆராய்ச்சியாளர் ஸ்டீஃபன் பெர்ரன் வகுத்த கணக்கின்படி, முறிவின் இடைவெளி தன் அளவில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் நீண்டு குறுகுமாயின் அங்கே எலும்பு உண்டாவதில்லை. 10 பங்கு வரை குருத்தெலும்பு தாங்கும். அதற்கும் மேற்பட்டால் இளந்திசு மாத்திரமே மிஞ்சும். ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது புதிதன்று. கட்டுத் தளர்ந்து பட்டை ஆடினால் ஒட்டுப் பிடிப்பதில்லை. ஆயினும் காலஸ் வளர்வதற்கு முழு நிச்சலனமும் உகந்ததன்று. 1985இல் குட்ஷிப், கென்ரைட் என்ற ஆங்கிலேய அறிஞர்கள் செம்மறியாடுகளின் முறிந்த கணைக்காலுக்கு நாள்தோறும் சிறிது நேரம் இலேசான அசைவைத் தந்தபோது, அறவே அசையாது பிடித்த கால்களைவிட அவை நன்றாகக் கூடின.

வயோதிகம் குறுக்கிடுவது இவ்விடத்தில்தான். எலும்புறையின் மூல உயிரணுக்கள் முதுமையில் குறைகின்றன. நாளங்கள் மெதுவாகவே துளிர்க்கின்றன. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ ஈஸ்ட்ரோஜன் குன்றுவதால் எலும்பைக் கரைக்கும் அணுக்களின் கை ஓங்குகிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் தாமதம் பின்னும் பெருகும். 2010இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் இளைய எலிகளையும் முதிய எலிகளையும் உறுதியான பிடிப்பிலும் சற்றே நெகிழ்ந்த பிடிப்பிலும் வைத்து ஒப்பிட்டது, வயதையும் பிடிப்பையும் தனித்தனியே பார்த்துப் பயனில்லை என்பதனாலேயே. இளம் எலும்பு சிறிது ஆட்டத்தைப் பெரிய காலஸால் ஈடுகட்டிவிடும். முதிய எலும்புக்கு அந்தத் தாராளம் இல்லை.

ஆகவே முதியவருக்குப் பிடிப்புத் தளர்தல் ஆகாது. அதற்காக ஆளையே படுக்கையில் கிடத்துவதோ, நிமோனியாவையும் படுக்கைப்புண்ணையும் காலில் இரத்தக்கட்டையும் நாமே வருந்தி அழைப்பதாகும். எலும்பு ஆடாதிருக்க வேண்டும், மனிதர் எழுந்து நடக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது உள்ளே பொருத்தும் உலோகமே. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. விலகாத மணிக்கட்டு முறிவு அவர்கள் கட்டில் கூடியதும் உண்டு. ஆனால் இடுப்பு முறிவை வெளிக்கட்டு எதுவும் நிறுத்தி வைக்க வல்லதன்று. எண்ணெய் இட்டு உருவுவதோ துளிர்க்கும் நாளங்களை அறுத்துவிடும். இனி உலோகத்துக்கு வந்தால், நுண்துளை மலிந்த எலும்பில் சாதாரணத் திருகாணி பிடிக்காது நெகிழ்வதால், திருகாணியின் தலையே தகட்டில் பூட்டிக்கொள்ளும் தகடுகள் அங்கே உதவுகின்றன. தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகினால், தலைப்பகுதிக்கு இரத்தம் செல்லும் வழி அறுபடக்கூடுமாதலால், முதியவருக்குப் பெரும்பாலும் செயற்கைத் தலையையே பொருத்திவிடுகிறார்கள்.

தஞ்சோங் காராங்கிலோ சுங்கை பூலோவிலோ மருத்துவமனையில் சேர்ப்பவர்கள், அறுவை என்றைக்கு, பாட்டி எழுந்து நிற்பது என்றைக்கு என்று இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டு நாட்களுக்குள் அறுவை முடிதல் நலம் என்பது பல நாடுகளின் மருத்துவ விதி. வீடு திரும்புமுன் எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, அதற்குரிய மருந்தையும் வைட்டமின் டியையும் கேட்டுப் பெறுதலும் அவசியம். ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு அதிகம் என்று அறிந்திருந்தும், உலகெங்கும் பெரும்பாலோர் அந்தச் சிகிச்சையைப் பெறாமலேயே வீடு திரும்புகிறார்கள்.