‘முடிந்தது’ என்று யார் சொல்வது?

மலாக்கா புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டை ஆலைகளுக்குள் காலையில் நுழைகிற நம்மவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். வெல்டிங், வைரிங், ஏர்கோன், சிசிடிவி, இயந்திரப் பராமரிப்பு என்று சொந்தமாகக் குத்தகை எடுத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வேலை தெரியும், விலை போடவும் தெரியும். ஆனால் கொட்டேஷனின் கடைசி வரியைப் பாருங்கள்: "30% டெபாசிட், 40% பாதி வேலையில், 30% வேலை முடிந்ததும்." சண்டைக்கான விதை அங்கேதான் இருக்கிறது.

ஓர் ஆலைக்குள் 18,000 வெள்ளிக்கு இரும்பு மேல்தளமும் படிக்கட்டும் போடுவதாக வைத்துக்கொள்வோம். தூண்கள் நின்றுவிட்டால் பாதி முடிந்தது என்பது வெல்டரின் கணக்கு. தகடு பாதியாவது பரவியிருக்க வேண்டும் என்பது ஆலை மேனேஜரின் கணக்கு. இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. கடைசி 5,400 வெள்ளியோ "தலைமையகம் இன்னும் ஓகே சொல்லவில்லை" என்ற பதிலிலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

அதே வேலையை இப்படிப் பிரிக்கலாம். வரைபடத்தில் இருவரும் கையெழுத்திட்டு, இரும்பு ஆர்டர் போடும் முன் 5,400. தூண்கள் தரையில் போல்ட் போட்டு நின்றதும் 4,500. தகடும் கைப்பிடியும் வெல்டிங் முடிந்ததும் 4,500. பெயிண்ட் அடித்து, குறைப் பட்டியலைச் சரிசெய்து ஒப்படைத்ததும் 3,600. ஒவ்வொரு கட்டமும் போட்டோ எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றோடு முடிகிறது. யாருடைய திருப்தியையும் நம்பி அது நிற்கவில்லை.

இதோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒப்பந்தத்திலேயே விலை அதிகமான வரி இதுதான்: "கட்டம் முடிந்ததாக எழுதித் தெரிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் குறைகளை எழுத்தில் சொல்லாவிட்டால், அல்லது செய்த வேலையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகும்." இந்த வரி இல்லையென்றால், படிக்கட்டில் தினமும் ஆள் ஏறி இறங்கும், உங்கள் இன்வாய்ஸ் மட்டும் மேசையில் தூங்கும்.

டெபாசிட் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. தோட்டத்துப் பழைய கதை இதற்கு நேர் எதிர். கங்காணி கொடுத்த முன்பணமே ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட கடனானது. தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது 1938-இல்தான். இன்று நீங்கள் வாங்கும் முன்பணம் வேலை கொடுப்பவரைத்தான் கட்டுகிறது. இரும்பு வாங்கும் காசை அவருக்காக நீங்கள் கடன்பட்டுப் போட வேண்டியதில்லை.

பெரிய குத்தகையாளரிடம் உள்குத்தகை எடுப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: "எங்களுக்குப் பணம் வந்ததும் உங்களுக்குத் தருவோம்." கட்டுமான வேலைகளில் இந்த நிபந்தனை செல்லாது. ‘சிபா’ எனப்படும் 2012-ஆம் ஆண்டு கட்டுமானப் பணக்கொடுப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் சட்டம் அமலுக்கு வந்தது 15 ஏப்ரல் 2014-இல். அதற்கு முந்தைய ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்று ஜேக்-இன் பைல், பாவர் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2011-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் ‘வந்ததும் தருவோம்’ நிபந்தனை இருந்தது. உள்குத்தகை நிறுவனம் தோற்றது.

சிபா வழியில் போக எழுத்து ஒப்பந்தம் வேண்டும். முதலில் பணக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 10 வேலை நாள்கள். பதிலே வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகாது, முழுத் தொகையையும் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு நடுவரிடம் போகலாம். இரு தரப்பு வாதங்களும் வந்து சேர்ந்தபின் 45 வேலை நாள்களில் அவர் முடிவு சொல்ல வேண்டும். நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால் வேகம்தான். ஆனால் நடுவர் கட்டணம் இருப்பதால் மூவாயிரம் நாலாயிரம் வெள்ளிக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

பணம் வரவில்லை என்றதும் டூல்ஸைக் கட்டிக்கொண்டு வெளியேறுவது நம் ஆட்களின் முதல் வேலை. கோபம் நியாயம்தான், ஆனாலும் இது ஆபத்து. பணம் தராததற்காக வேலையை இடைநிறுத்தும் பொதுவான உரிமை குத்தகையாளருக்கு இல்லை என்பதை 1997-இல் பதிவான கா செங் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கு காட்டுகிறது. நிறுத்தியவரே ஒப்பந்தத்தை மீறியவராகிவிடலாம். நடுவர் முடிவில் ஜெயித்தும் பணம் வராதபோது, 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்த சிபா இடம் தருகிறது. மற்றபடி அந்த உரிமையை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்: "இன்வாய்ஸ் தேதியிலிருந்து 14 நாளில் பணம் வராவிட்டால், அறிவித்துவிட்டு வேலையை நிறுத்தலாம், நின்ற நாள்கள் கெடுவோடு கூட்டப்படும்."

கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு தண்டம் என்று ஆலை தரும் தாளில் இருந்தால், "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அலட்சியமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவை விளக்கிய கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் (2018), நட்டத்தை வெள்ளிக் கணக்கில் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது கூட்டரசு நீதிமன்றம். தொகை நியாயமற்றது என்று காட்டும் பாரம் மீறியவர் தலையில். தண்டத்துக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள், மொத்த விலையில் 10% என்பது போல.

"தம்பி, அந்த ஓரத்தில் ஒரு கம்பியும் போட்டுடு" என்று மேனேஜர் கேட்பார். போடும் முன் வாட்ஸ்அப்பில் விலையோடு அனுப்பி, ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு மின் வணிகச் சட்டப்படி மின்னணுச் செய்தி என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

ஒரு விஷயத்தை வேறாகப் பார்க்க வேண்டும். தினமும் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, அவர்கள் கருவியில் அவர்களுக்காகவே வேலை செய்து, மாதா மாதம் பணம் வாங்குகிறீர்களா? எழுத்து ஒப்பந்தமும் இல்லையா? 1 ஜனவரி 2023 முதல் வேலைச் சட்டத்தின் 101C பிரிவு உங்களைத் தொழிலாளி என்றே அனுமானிக்க இடம் தருகிறது. அப்படியானால் நீங்கள் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. உண்மையிலேயே குத்தகையாளர் என்றால், அடிபட்டால் ஆலையின் சொக்சோ உங்களுக்குக் கிடையாது. 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் நீங்களே சொக்சோவில் பதிந்துகொள்ள வேண்டும்.

மேலே 4,500, 4,500, 3,600 என்று பிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2012 நீதிமன்ற விதிகளின் 93-வது கட்டளைப்படி, 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். 198-ஆம் பாரத்தை நிரப்பி ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்தில் பதிய வேண்டும். வழக்குப் போடுபவர் தனிநபராக இருக்க வேண்டும், சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனங்களுக்கு இந்த வழி இல்லை. ஒரு கட்டத்துக்குப் பணம் வராமல் அடுத்ததைத் தொடங்காதவருக்கு, மாட்டிக்கொள்ளும் தொகை இந்த வரம்பைத் தாண்டாது. இரண்டு கட்டத்தையும் விட்டுப்பிடித்தவர் 9,000 வெள்ளிக்கு வழக்கமான சிவில் வழக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

தாமான் வீடுகளில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்க ஒருவர் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு சிபா பொருந்தாது. வேலை சரியில்லை என்று வீட்டுக்காரர் உங்கள் மீது 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். உங்கள் பாக்கிக்கு நீங்கள் அங்கே மனுப் போட முடியாது. வீடோ ஆலையோ, ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக எடுக்காது. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை பெறாவிட்டால், வழக்கு நாளில் அபராதத்தோடு கட்டித்தான் தாளை உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும்.