அப்பீலில் ஜெயித்தால் கோர்ட் செலவு திரும்பக் கிடைக்குமா? - `சேலம் வழக்கு' சொல்லும் பதில்!

லாரி வாங்கிய கடன், கோழித்தீவனப் பாக்கி, வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை... சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சிவில் வழக்குகளுக்குக் காரணங்கள் பல. முதல் கோர்ட்டில் தீர்ப்பு வந்தாலும் பல வழக்குகள் அங்கே முடிவதில்லை, அப்பீலுக்குப் போகின்றன. பல வருடங்கள் கழித்து ஒருவழியாக ஜெயித்து வருபவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு செலவு பண்ணோமே, அதை யார் தருவாங்க?"

சட்டத்தில் இதற்கு பதில் இருக்கிறது.

தோற்றவர்தான் தர வேண்டும்... ஆனால்?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, செலவுத்தொகையை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியுடையது. ஜெயித்தவரின் செலவைத் தோற்றவர் தர வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. அப்படி வேண்டாம் என்று நீதிபதி நினைத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அப்பீலில் இன்னொரு விஷயமும் உண்டு. அப்பீல் செலவு எவ்வளவு, அதையும் கீழ் கோர்ட் செலவையும் யார், எந்த விகிதத்தில் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பாணையில் குறிப்பிட வேண்டும். ஆக, கீழ் கோர்ட்டில் தோற்று அப்பீலில் ஜெயித்தவருக்கு இரண்டு கோர்ட் செலவும் கிடைக்க வாய்ப்புண்டு.

நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகும்:

* அப்பீல் தள்ளுபடியானால்: அப்பீல் செய்தவர் எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை தர உத்தரவிடலாம்.
* பாதி ஜெயித்து, பாதி தோற்றால்: ஜெயித்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் செலவு.
* மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பினால்: இறுதித் தீர்ப்பில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு என்று விடப்படலாம்.
* உறவினர்களுக்கு இடையிலான வழக்கு என்றால்: `அவரவர் செலவு அவரவருக்கு' என்று முடிவதே அதிகம்.

சேலத்தின் பெயரில் ஒரு தீர்ப்பு

அந்தக் கடைசி வரி, உறவினர் அல்லாதவர்களின் வழக்குகளிலும் வழக்கமாகிவிட்டதைச் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு சேலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999, 2002-ம் ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களை எதிர்த்து, சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. திருத்தங்கள் செல்லும் என்று கோர்ட் சொன்னது. 2005 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பில், செலவுத்தொகை பற்றியும் விரிவாகப் பேசியது.

செலவே தராமல் விடுவதும், பெயரளவுக்கு ஒரு தொகையைத் தருவதும் பொய் வழக்குப் போடுபவர்களுக்குத்தான் சாதகம் என்றது கோர்ட். கோர்ட் கட்டணம், வக்கீல் கட்டணம், டைப்பிங் செலவு மட்டுமல்ல. ஜெயித்தவர் செலவிட்ட நேரம், பயணம், தங்கும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து நியாயமான, உண்மையான செலவு கிடைக்க வேண்டும் என்றது. இதற்கான விதிகளை உருவாக்கும் பொறுப்பை உயர் நீதிமன்றங்களிடம் விட்டது.

அப்படியென்றால் முழுப்பணமும் வருமா?

அங்கேதான் சிக்கல். டெல்லியில் ஓர் அப்பீலில், ஜெயித்த தரப்புக்கு 45,28,000 ரூபாய் செலவுத்தொகையாகத் தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. விதிகளில் இடமில்லாமல் வக்கீலுக்குக் கொடுத்த முழுத்தொகையையும் வாங்கித்தர முடியாது என்றது. பொய் வழக்குக்கு 35ஏ பிரிவின்கீழ் தரப்படும் இழப்பீட்டுச் செலவுக்கும் சாதாரண வழக்குகளில் உச்சவரம்பு வெறும் 3,000 ரூபாய். அதுவும் அப்பீலுக்குப் பொருந்தாது.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய் கடன் பாக்கி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2017-ல் 7.5 சதவிகிதத்திலிருந்து குறைக்கப்பட்ட 3 சதவிகிதக் கணக்கில், கோர்ட் கட்டணம் 30,000 ரூபாய். முழுத்தொகைக்கும் அப்பீல் என்றால் மீண்டும் 30,000. `செலவுத்தொகையுடன்' என்று தீர்ப்பு வந்தால் இந்தக் கட்டணம் கணக்கில் சேரும். வக்கீல் கட்டணமோ, நீங்கள் கொடுத்த அளவுக்கு அல்ல. விதிகள் சொல்லும் அளவுக்குத்தான். வணிக நீதிமன்ற வழக்குகளில் நிலைமை கொஞ்சம் மேல். நியாயமான சமரசத்தை யார் மறுத்தார், யார் இழுத்தடித்தார் என்பதையும் அங்கே பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மனுவில் செலவுத்தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். வாதத்தின் முடிவிலும் வக்கீலை அதை வலியுறுத்தச் சொல்லுங்கள்.
* கோர்ட் கட்டணம், நகல், சாட்சிப்படி, நோட்டீஸ் செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.
* வக்கீல் கட்டணச் சான்று உரிய நேரத்தில் தாக்கலாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* தீர்ப்பாணை நகல் கைக்கு வந்ததும் அதிலுள்ள செலவுப் பட்டியலைச் சரிபாருங்கள். எதிர்த்தரப்பு தரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம்.

அப்பீல் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிராளி வெளிநாட்டில் வசிப்பவர், வழக்குச் சொத்தைத் தவிர இந்தியாவில் அவருக்குப் போதிய அசையாச் சொத்து இல்லை என்றால், அப்பீல் செய்யும் அவரிடம் கோர்ட் செலவுக்கு முன்கூட்டியே ஜாமீன் கேட்கும். உள்ளூர்க்காரர் என்றால், தோற்றால் தன் செலவோடு எதிராளியின் செலவும் தன் தலையில் விழலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அப்பீல் போக வேண்டும்.