துப்பாக்கியின் பின்னுதைப்பும் தோள்பட்டையும்

நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தும்போது துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம்: குண்டு முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தோளில் பதியும் கட்டையின் முனையில் ரப்பர் பட்டை பொருத்துவது எதற்கு என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “உந்தத்தைக் குறைக்க” என்ற விடையே பெரும்பாலும் வரும். அது தவறு. அதை விளக்கும்போதுதான் பாடம் முழுமை பெறுகிறது.

கணக்கு

குண்டின் நிறை 9.5 கிராம், வேகம் 840 மீ/வி எனில் உந்தம் சுமார் 8 கி.கி மீ/வி. 4 கிலோ துப்பாக்கி 2 மீ/வி வேகத்தில் பின்னே வரும். (வெடிவாயுவின் உந்தத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும், எளிமைக்காக விட்டுவிடுவோம்.) உந்தம் சமம். ஆனால் குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 3350 ஜூல், துப்பாக்கியினுடையது 8 ஜூல் மட்டுமே. சுடுபவர் காயமின்றி நிற்பது இதனால்தான்.

துப்பாக்கி 1 செ.மீ தூரத்தில் நின்றால் தோளின் மீது சராசரி விசை 800 நியூட்டன். பட்டை அமுங்கி 2 செ.மீ தூரத்தில் நின்றால் 400 நியூட்டன். உந்த மாற்றம் அதேதான். நேரம் இரு மடங்காவதால் விசை பாதியாகிறது. பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னே இழுப்பதும் இதற்காகவே.

தேர்வும் சரிசெய்தலும்

பட்டை மிக மென்மையாக இருந்தால் முழுவதும் அமுங்கிவிட்டு, மீதி உதையை அப்படியே தோளுக்குத் தரும். மிகக் கடினமானால் அமுங்கவே அமுங்காது. எனவே துப்பாக்கியின் உதைக்கும் எடைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகலமான பட்டை விசையைப் பரப்பி அழுத்தத்தைக் குறைக்கும். பட்டையின் தடிமனால் கட்டையின் நீளம் கூடும். விசைவில்லை விரல் எட்டாமல் போகலாம். அப்போது கட்டையை அந்த அளவு குறைக்க வேண்டும்.

கட்டைக்குள் எடை சேர்ப்பது வேறு வழி. துப்பாக்கி 5 கிலோவானால் வேகம் 1.6 மீ/வி, ஆற்றல் 6.4 ஜூல். உந்தம் மாறுவதில்லை. குழல் முனையில் பொருத்தும் தடுப்பான் மட்டுமே வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, பின்னே வரும் உந்தத்தையே குறைக்கிறது. ஆனால் சுடுபவருக்கு ஓசை கூடும்.

எந்தப் பட்டையானாலும் கட்டையைத் தோளோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இடைவெளி விட்டால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து தாக்கும். வலிக்கு அஞ்சியவர் அடுத்த முறை சுடும் கணத்தில் உடலைக் குறுக்குவார், குறி தவறும்.

வகுப்பில்

தேசிய மாணவர் படைப் பயிற்சியில் .22 ரைபிளின் உதை ஏன் மெல்லியது என்று கணக்கிடச் சொல்லலாம்: குண்டு 2.6 கிராம், 330 மீ/வி. துப்பாக்கி 3 கிலோ எனக் கொள்க. விடை ஏறத்தாழ 0.3 மீ/வி. பிறகு, இழுத்துப் பிடித்த துணியின் மீதும் தரையின் மீதும் முட்டையை விழச் செய்து காட்டுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்பதை மாணவர்களே சொல்லட்டும்.