உருவும் ஆற்றலும்: விந்தணு உருவியல்

விந்தணுவின் உருவை அளந்து, அவ்வுருவினின்று அதன் ஆற்றலை உய்த்துணரும் துறை விந்தணு உருவியல் எனப்படும். ஆணின் கருவாக்கத் திறனை ஆராய்வோர் விந்தணுக்களின் எண்ணிக்கை, நகர்திறன், உருவு ஆகிய மூன்றனையும் அளப்பர். முன்னைய இரண்டும் எத்தனை உள, எவ்வாறு செல்கின்றன என்பவற்றை உணர்த்த, உருவோ அவை எத்துணைச் செம்மையாய் அமைந்துள என்பதை உணர்த்தும்.

செம்மையான விந்தணு தலை, இடைத்துண்டு, வால் என முப்பகுதியால் ஆனது. முட்டை வடிவான தலை ஏறத்தாழ 4.1 நுண்மீட்டர் நீளமும் 2.8 நுண்மீட்டர் அகலமும் உடையது. நுண்மீட்டராவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. மரபுப்பொருளைத் தாங்கும் அத்தலையின் பரப்பில், முன்புறமாக 40 முதல் 70 விழுக்காடு வரை, ஒரு மென்பை குடைபோல் கவிந்திருக்கும். அதனைத் ‘தலைக்கவிகை’ என்போம். சினைமுட்டையின் புறவுறையை ஊடுருவ உதவும் நொதிகள் அதனுள் அடங்கியுள்ளன. தலையளவே நீண்ட இடைத்துண்டில், ஆற்றல் தரும் இழைமணிகள் சுருளாய்ச் சூழ்ந்துள்ளன. இழையையும் மணியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டே அவ்வுறுப்பின் மேலைப்பெயர். ‘இழைமணி’ என்னும் தமிழ்ச்சொல் அப்பொருளைச் சிறிதும் குன்றாமல் ஏந்தி நிற்கிறது. வால் ஏறத்தாழ 45 நுண்மீட்டர். தலையினும் பத்து மடங்கு நீண்டது.

ஆய்வாளர் விந்துநீரைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாய்ப் பூசி, உலர்த்தி, நிறமேற்றி, ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் இருநூறு விந்தணுக்களை இருமுறை எண்ணுவர். தலைக்குறை, இடைத்துண்டுக்குறை, வாற்குறை, எஞ்சிய உயிரணுக்கூழ் மிகுதல் எனக் குறைகள் நால்வகைப்படும். தலைக்கவிகை அற்ற உருண்டைத்தலை விந்தணு தானாகச் சினைமுட்டையுள் புக இயலாது. ஆங்கு உருக்குறையே தொழிற்குறை. ஐயத்திற்கு இடமான உருவையும் குறையுடையதென்றே கொள்வது இம்முறையின் கண்டிப்பு.

செம்மையின் அளவுகோல், கருப்பைக் கழுத்தின் சளியைக் கடந்து மேலேறிய விந்தணுக்களின் உருவினின்று பெறப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க்கில் குரூகர் குழுவினர் 1986இல் வெளியிட்ட ‘கடுநெறி’ என்னும் அளவீட்டு முறை இவ்வழியது. பலவற்றுள் சிலவற்றையே செல்லவிடும் உடலின் வாயிலே இங்கு ஆசான். இந்நெறியால் அளப்பின், மக்களைப் பெற்ற தந்தையரிடத்தும் பெரும்பாலான விந்தணுக்கள் குறையுடையனவே. செம்மையானவற்றிற்கு உலக நலவாழ்வு அமைப்பு 2010இல் வகுத்து 2021இலும் நிலைநிறுத்திய கீழெல்லை 4 விழுக்காடு. துணைவியர் ஓராண்டிற்குள் கருவுற்ற ஆடவருள் 5 விழுக்காட்டினரை அதன்கீழ் விடுமாறு வரையப்பட்ட எல்லை அது. ஆதலின் அவ்வெண் தந்தையாதலை மறுக்கும் தீர்ப்பு அன்று. எண்ணிக்கையோடும் நகர்திறனோடும் ஒருங்கு வைத்து ஆராயத்தக்க ஒரு சான்று. நூற்றில் நான்கே செம்மையாய் அமையினும் மரபு அறாமல் தொடர வழியுண்டு; அவ்வழியை அளந்துரைக்கத் தமிழிடம் சொற்குறை இல்லை.