நாள் கணக்கை நம்பலாமா?

"ஐயா, நாள் கணக்குப் பார்த்துத்தானே இருந்தோம்! அப்புறம் எப்படிங்கய்யா?"

தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் இளம் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கிறார்கள். மாத்திரை என்றால் பயம். ஆணுறை வாங்கக் கூச்சம். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். சித்த வைத்தியர் என்பதால், 'இயற்கை முறையே போதும்' என்று நான் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு வேறு! இயற்கை முறையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, உண்மைதான். ஆனால் கெடுதல் இல்லாதது வேறு, நம்பகமானது வேறு.

கணக்கு எங்கிருந்து வந்தது?

பூப்பு வந்ததிலிருந்து பன்னிரண்டு நாள் கணவன் மனைவியைப் பிரிந்திருக்கக் கூடாது என்கிறது தொல்காப்பியம். அந்த நாட்களில்தான் கரு தங்கும் என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். 1920-களில் ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாஸ் என்ற இரண்டு டாக்டர்கள், அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு சினைமுட்டை வெளியாகிறது என்று தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

முட்டையின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். ஆனால் ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, மாதத்தில் கரு தங்கக்கூடியது சுமார் 6 நாள்தான். 'அட, இவ்வளவுதானா!' என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆறு நாள் எது என்பதில்தான் சிக்கலே.

எங்கே தப்புகிறது?

28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு முட்டை வெளியாவது சுமார் 14-ம் நாள். 24 நாள் சுற்று உள்ளவருக்கு 10-ம் நாள். அப்படியென்றால் 5-ம் நாளே ஆபத்து ஆரம்பம்! 'குளிச்சு ஒரு வாரம் பயமில்லை' என்ற பேச்சு இவரைக் கவிழ்த்துவிடும். 35 நாள் சுற்று என்றால் 21-ம் நாள்.

இன்னொரு தப்பு, உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணுவது. உதிரம் பட்ட நாள்தான் முதல் நாள்.

காய்ச்சல், மனக்கவலை, தூக்கக்கேடு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என எது வந்தாலும் சுற்று மாறலாம். வயதுக்கு வந்த முதல் சில வருஷங்கள் பல பெண்களுக்குச் சுற்று ஒழுங்காகவே இருக்காது. செல்போன் ஆப்பும் போன மாதக் கணக்கை வைத்து ஊகிக்கத்தான் செய்யும்.

நம் ஊர் வாழ்க்கையையும் பாருங்கள். விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கு நாள் குறிக்க நேரம் ஏது? கேரளாவில் தங்கி வேலை பார்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் கணவர், காலண்டரைக் கேட்டுக்கொண்டா வருகிறார்?

பாசிமணி சொன்ன பாடம்

1951-ல் உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனை இந்தியாவுக்கு அனுப்பியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஆதரித்ததும் நாள் கணக்கு முறையைத்தான். மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் டில்லி லோதி காலனியிலும் சோதித்துப் பார்த்தார்கள். பாதுகாப்பான நாளுக்கு ஒரு நிறம், ஆபத்தான நாளுக்கு ஒரு நிறம் எனப் பாசிமணி மாலை கொடுத்தார்கள். பாசியைத் தள்ள மறந்தவர்கள், மாலையைப் போட வெட்கப்பட்டவர்கள் கதையை இன்றும் சொல்வார்கள். முறை எடுபடவில்லை. 2000-களில் அமெரிக்க ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் மணிமாலையைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக விலக்காகிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். 8 முதல் 19-ம் நாள் வரை சேரக் கூடாது.

நூறு பேரில் எத்தனை பேர்?

ஒரு வருஷத்தில், நடைமுறைப் பழக்கத்தில், 100 பெண்களில் கருத்தரிப்பவர்கள் தோராயமாக:

* எந்தத் தடுப்பும் இல்லை: 85
* விந்தை வெளியே விடுவது: 20
* 8-19 நாள் கணக்கு: 12
* ஆணுறை: 13
* காப்பர்-டி: 1-க்கும் குறைவு

ஆணுறையும் நாள் கணக்கும் ஒன்றுதானே என்பீர்கள். அந்த 12 ஒழுங்கான சுற்று உள்ளவர்களுக்கு மட்டும். பால்வினை நோயைத் தடுப்பதும் ஆணுறைதான்.

தாய்ப்பால் கொடுக்கும்போது?

குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும்தான், மாதவிலக்கு திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் 100-ல் 98 பேருக்குப் பலிக்கும். ஒன்று விட்டாலும் நம்பாதீர்கள். முதல் விலக்கு வருமுன்பே முட்டை வெளியாகலாம்.

என்ன செய்யலாம்?

ஆறு மாதமாவது நாள் குறித்துப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால், ஆபத்தான நாட்களில் விலகியிருங்கள் அல்லது ஆணுறை போடுங்கள். இப்போதைக்குக் குழந்தை வேண்டவே வேண்டாம் என்றால் நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேளுங்கள். நிரோத், மாலா-என், வாரம் ஒருமுறை போடும் சாயா மாத்திரை, காப்பர்-டி எல்லாமே இலவசம். கணவரையும் கூட்டிப் போங்கள். இது பெண் ஒருத்தியின் கணக்கு இல்லை.

கணக்குத் தப்பிவிட்டதா? தயவுசெய்து பப்பாளிக்காய், எள், கருஞ்சீரகம் என்று இறங்காதீர்கள். எருக்கங்குச்சி உயிரையே குடித்துவிடும். கருவைக் கலைக்க என்னிடமும் கஷாயம் இல்லை. தகுதியுள்ள டாக்டரிடம் கருக்கலைப்பு செய்துகொள்ள 1971 முதலே சட்டம் இடம் தருகிறது. நாள் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.