கேள்வி கேட்க அவை இல்லாத நியமனம்

இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டவரை எந்த நாடாளுமன்றக் குழுவும் அழைத்துக் கேள்வி கேட்பதில்லை. தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் 4 பேரும் அடங்கிய கொலீஜியம் பெயர்களைத் தேர்வு செய்கிறது; மத்திய அரசு பரிசீலிக்கிறது; குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 1993, 1998 தீர்ப்புகளில் உருவான முறை இது. மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. ஆகவே, கொரோனா காலத்தில் அமெரிக்கா கண்ட சண்டை இங்கே எழ வழியில்லை.

அமெரிக்காவில் அதிபர் முன்மொழிபவரைச் செனட்டின் நீதித்துறைக் குழு பகிரங்கமாக விசாரிக்கும். 2020 மே மாதம், பிரதிநிதிகள் அவை மருத்துவ அறிவுரையை ஏற்று விலகி நிற்க, செனட் மட்டும் கூடி, அந்த வாரமே ஜஸ்டின் வாக்கர் என்ற இளம் நீதிபதியின் பதவி உயர்வுக்கான விசாரணையை நடத்தியது. நிவாரணப் பணி கிடக்க இதற்கென்ன அவசரம் என்றனர் ஜனநாயகக் கட்சியினர். செப்டம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்ததும் சண்டை முற்றியது. அவரது இடத்துக்கு ஏமி கோனி பேரட்டைக் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் முன்மொழிந்தார். குழு உறுப்பினர்களான மைக் லீ, தாம் டில்லிஸ் இருவருக்கும் தொற்று வந்தது. செனட் அவை தள்ளிவைக்கப்பட்டது; குழு விசாரணையோ அக்டோபர் 12 அன்று குறித்தபடி தொடங்கியது. மற்றோர் உறுப்பினரான கமலா ஹாரிஸ் காணொலி வழியே கேள்வி கேட்டார். தேர்தலுக்கு 8 நாள் முன்பு, 52க்கு 48 என்ற வாக்கில் பேரட் உறுதிசெய்யப்பட்டார். பேச்சு கிருமியைப் பற்றி, கணக்கு தேர்தலைப் பற்றி. தேர்தல் ஆண்டு என்று சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டுக்கு விசாரணையே மறுத்ததும் இதே குடியரசுக் கட்சிதான்.

இந்தியாவில் சண்டை மூடிய கதவுக்குள் நடந்தது. 2019 செப்டம்பர் 23 அன்று 4 நீதிபதிகள் பதவியேற்றனர். அதன்பின் ஏறத்தாழ 2 ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதி ஒருவரும் வரவில்லை. 2019 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஏ. பாப்டே காலத்தில் ஒரு பெயர்கூடப் பரிந்துரைக்கப்படவில்லை. தொற்றைக் காரணம் சொல்ல முடியாது. 2020 மார்ச் முதல் வழக்குகளே காணொலியில் நடந்தன. கொலீஜியத்துக்குள் உடன்பாடு இல்லை என்பதே விஷயம். பணிமூப்பில் முன்னின்ற அபய் ஓகா, அகில் குரேஷி இருவரையும் முதலில் பரிந்துரைக்க வேண்டும் என்று கொலீஜிய உறுப்பினரான நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் உறுதியாக நின்றதாக நாளிதழ்கள் எழுதின. குரேஷி, 2010இல் குஜராத் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது அமித் ஷாவை சிபிஐ காவலுக்கு அனுப்பியவர். அவரை மத்தியப் பிரதேசத் தலைமை நீதிபதியாக்கும் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரையை அரசு ஏற்காததால் திரிபுராவுக்குப் போனார். ஓகா அப்போது கர்நாடகத் தலைமை நீதிபதி. மாநிலத்தின் ஆக்சிஜன் ஒதுக்கீட்டை நாளொன்றுக்கு 1,200 டன்னாக உயர்த்தும்படி 2021 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது அவர் தலைமையிலான அமர்வு.

இது டெல்லி விவகாரம் மட்டுமல்ல. நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தில் 2013இல்தான் தீர்ப்பு கண்டது. அங்கே இருக்கை காலியாகக் கிடந்தால் காத்திருப்பவர்கள் யார் என்று தங்கவயலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஆகஸ்ட் 12 அன்று நாரிமன் ஓய்வு பெற்றார். 5 நாளில் என்.வி. ரமணா தலைமையிலான கொலீஜியம் 9 பெயர்களை அனுப்பியது. ஆகஸ்ட் 31 அன்று, தொற்றுக் கட்டுப்பாட்டால் வழக்கமான முதல் நீதிமன்ற அறைக்குப் பதில் கூடுதல் கட்டட அரங்கில், 9 பேரும் பதவியேற்றனர். ஓகா, கர்நாடகத்தின் பி.வி. நாகரத்னா, சென்னை உயர் நீதிமன்றத்தின் எம்.எம். சுந்தரேஷ் ஆகியோர் அதில் இருந்தனர். குரேஷி இல்லை, ஏன் இல்லை என்று கொலீஜியம் சொல்லவும் இல்லை. அமெரிக்கச் சண்டை அசிங்கமாக இருந்தாலும் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பதிவில் இருக்கிறது. இங்கே அந்தப் பதிவு இல்லை. குரேஷி 2022 மார்ச்சில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றார்.